ஆட்டமில்லாப் பருவமும் ரசிகர் விவாதமும்: மலைத்தோட்டம் முதல் கொல்கத்தா வரை கால்பந்து வீரரின் பிணைப்பு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியக் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் ஆடப்பட்ட ஆட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பருவம் முடிந்து மறு பருவம் தொடங்கும் வரையிலான மாதங்களில் வீரர்களைப் பற்றியும் அணிச் சேர்க்கை பற்றியும் ரசிகர்கள் நடத்திய விவாதம் அதில் துணுக்குச் செய்தியாகவே இடம்பெறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த மலைத்தோட்டங்கள், கொல்கத்தா, சென்னை ஆகிய களங்களை ஒப்பிட்டு அவ்விவாதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. வீரர் தம் அணியோடு எதனால் பிணைக்கப்பட்டிருந்தார், அப்பிணைப்பை அவிழ்க்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவையே விவாதத்தின் அளவையும் அதன் குற்றச்சாட்டு யார்மேல் விழுந்தது என்பதையும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஆட்டமில்லாப் பருவம், அணிமாற்றம், பின்லே கேடயம், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், தோட்டத் தொழிலாளர், ரசிகர்

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே உயர்ந்து நிற்பது மேகமலை. சின்னமனூரிலிருந்து மேலேறும் மலைப்பாதை ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எனத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் செல்கிறது. பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலைத் தொடர். அதற்கும் வடக்கே மூணாறு. மாநில எல்லை இன்று இவற்றைப் பிரித்தாலும் தோட்டத் தொழிலின் வரலாற்றில் இவை அண்டை நிலங்களே. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே எனப்பட்ட கம்பிவடத்தின் வழியே போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடிக்கு இறக்கப்பட்டது. பெரட்டுக்கு நிற்பதும் கொழுந்து எடுப்பதும் லயத்தில் குடியிருப்பதும் இரு மலைகளுக்கும் பொது. தென்மேற்குப் பருவமழையும் பொது. இம்மலைநாட்டில் கால்பந்தைப் பற்றிப் பேசப்புகும் எவரும் மூணாற்றில் 1941 முதல் நடந்துவரும் பின்லே கேடயப் போட்டியிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

எனினும் இக்கட்டுரையின் பொருள் ஆட்டம் அன்று. ஆட்டம் நின்றபின் நடக்கும் பேச்சு. ஆடிய ஆட்டத்துக்குக் கோல் கணக்கு உண்டு, கேடயத்தில் பொறித்த பெயர் உண்டு, குழுப் புகைப்படம் உண்டு. ஆடாத மாதங்கள் இத்தகைய தடயம் எதையும் விட்டுச்செல்வதில்லை. யார் எந்த அணிக்குப் போகிறார், யாருக்கு முழங்கால் தேறவில்லை, புதிதாக வந்த இளைஞன் இடப்புறத்தில் ஆடத் தகுவானா என்னும் பேச்சு, பேசியவரோடு போய்விடுகிறது. போரியா மஜும்தாரும் கௌசிக் பந்தோபாத்யாயும் எழுதி 2006இல் வெளிவந்த இந்தியக் கால்பந்து வரலாறும், பால் டிமியோவும் ஜேம்ஸ் மில்ஸும் தொகுத்து 2001இல் வெளிவந்த தெற்காசியக் கால்பந்துக் கட்டுரைத் தொகுதியும் தேசியம், சமயம், வட்டார அடையாளம் ஆகியவற்றைக் கால்பந்து எவ்வாறு தாங்கியது என்பதை விரிவாகக் காட்டியுள்ளன. அவை திறந்துவிட்ட வழியில் ஒரு சிறு கிளைப்பாதையே இக்கட்டுரை. பேச்சை நேரடியாக மீட்க இயலாது. ஆனால் அப்பேச்சு எதைப் பற்றியதாக இருந்திருக்க முடியும் என்பதை, வீரரைக் கட்டிவைத்த விதிகளைக் கொண்டு ஓரளவு வரையறுக்கலாம்.

மலையும் மழையும்

மூணாற்றுத் தோட்டங்களின் நிறுவன வரலாறு நன்கு அறியப்பட்டது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. அதன் பின்னே நின்றது ஜேம்ஸ் பின்லே நிறுவனம். 1964இல் டாட்டாவுடன் கூட்டு, 1983இல் டாட்டா டீ, 2005இல் ஊழியர்கள் பங்குதாரர்களாக உள்ள இன்றைய நிறுவனம் எனக் கைமாறிய போதும் கேடயத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. பெயர் தந்த நிறுவனம் மலையை விட்டுச் சென்று பல பத்தாண்டுகள் ஆன பின்னரும் தொழிலாளர் அதன் பெயரிலான கேடயத்துக்காகவே ஆடுகின்றனர்.

இப்போட்டியில் மோதுவன தோட்டங்களின் அணிகள். நகரக் கழகங்களைப் போல இவை ஆள் சேர்ப்பதில்லை. நிறுவனத்தின் ஊழியர்களே ஆட்டக்காரர்கள். எந்தத் தோட்டத்தில் வேலையோ அந்தத் தோட்டத்தின் அணி. எனவே ஒரு நல்ல முன்கள வீரரை அடுத்த தோட்டம் விரும்பினாலும் அவரை இழுத்துக்கொள்ளும் வழி எளிதன்று. வேலை மாற வேண்டும். வேலை மாறினால் வீடும் மாற வேண்டும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது என்பதால் அணி மாறுவது என்பது குடும்பமே மாறுவதாகும். கால்பந்துக்கு அப்பாற்பட்ட இந்தப் பிணைப்பின் வலிமையை நகர ரசிகர் எளிதில் உணர மாட்டார்.

இத்தகைய அமைப்பில் ஆட்டமில்லாக் காலத்துப் பேச்சு எதைப் பற்றியதாக இருந்திருக்கும்? அணிமாற்றம் ஏறத்தாழ இல்லாத இடத்தில், யார் வருவார் என்பதைவிட யார் தேறுவார் என்பதே கேள்வியாக இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. பழைய வீரரின் வயது, காயம், அவருடைய மகனோ தம்பியோ வளர்ந்து வருவது, பயிற்சிக்கு வேலை நேரத்தில் சலுகை கிடைக்குமா என்பது ஆகியவற்றில்தான் அடுத்த ஆண்டின் அணி அடங்கியிருந்தது. இவற்றுள் கடைசியானது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தன் 13ஆம் பிரிவில் தொழிலாளர்க்கான பொழுதுபோக்கு வசதிகளைப் பற்றிப் பேசியது. விளையாட்டு துரைமார் தரும் சலுகை என்ற நிலையிலிருந்து சட்டம் கருதும் ஒரு வசதி என்ற நிலைக்கு வந்தது சிறு மாற்றம் அன்று. ஆயினும் மைதானமும் பந்தும் விடுப்பும் நிர்வாகத்தின் வழியாகவே வந்தன. ஆகவே குறை கூற வேண்டுமாயின் அக்குறை வீரரை நோக்கிச் செல்வதற்கு இங்கே அதிக இடமில்லை. தன்னோடு பெரட்டில் நிற்பவனைத் துரோகி என்று யாரும் சொல்வதற்கில்லை. அவன் எங்கும் போய்விடவில்லை.

மழைக்காலம் இங்கே ஆட்டத்துக்கு இயல்பான இடைவெளி. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டுசென்றது. மலைத்தோட்டத்தில் அடைமழை மாதங்கள் என்னும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

கொல்கத்தா: ஆண்டுக்கொரு கையெழுத்து

மலையில் மைதானத்தை மூடிய அதே பருவமழை, கொல்கத்தாவில் மைதானத்தைத் திறந்தது. கோடை முதிரும்போது தொடங்கி மழையினூடே நடப்பதே அந்நகரின் மரபான கால்பந்துப் பருவம். குளிர்காலம் கிரிக்கெட்டுக்குரியது. வங்கப் புத்தாண்டு நாளான ‘பொய்லா பொய்சாக்’ அன்று கழகங்களில் கோல் கம்பத்துக்கு மாலையிட்டு நடத்தும் ‘பார் பூஜை’ பருவத்தின் தொடக்கச் சடங்கு. இன்று போட்டிகளின் நாள்காட்டி முற்றிலும் மாறிவிட்ட போதிலும் அச்சடங்கு நிற்கவில்லை. அதற்கு முந்தைய வாரங்களில்தான் ‘தொல்பொதொல்’ எனப்பட்ட அணிமாற்றக் காலம் அமைந்தது. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொல்கத்தா ரசிகர் ஆட்டமில்லாப் பருவம் என்று அறிந்திருந்தது இதைத்தான்.

இங்கு வீரரின் பிணைப்பு ஓராண்டுக்கு உரியது. இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டால் அவர் அந்த ஆண்டு அந்தக் கழகத்துக்கு உரியவர். அடுத்த ஆண்டு மீண்டும் அதே கேள்வி. பெயரளவில் அவர் ஊதியம் பெறாத ஆட்டக்காரர். பணம் கைமாறியது எல்லோரும் அறிந்ததே. ஆனால் எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத வாக்குறுதியைக் காப்பாற்ற, கழகத்தார் வீரரைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள நேர்ந்தது. கையெழுத்து நாள் வரை வீரரை விடுதியிலோ ஆதரவாளர் வீட்டிலோ வெளியூரிலோ தங்கவைப்பதும், எதிர்க் கழகத்தார் அவரைத் தேடி அலைவதும், இறுதியில் ஆதரவாளர் கூட்டத்தின் நடுவே அவரைச் சங்க அலுவலகத்துக்கு அழைத்துவருவதும் கொல்கத்தாவின் நினைவில் ஆட்டங்களுக்கு இணையான இடம் பெற்றுள்ளன. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்று பிரிப்பது கடினம். இக்கட்டுரையின் நோக்கில் அது பெரிதும் முக்கியமன்று. அக்கதைகளைச் சொல்வதே அப்பருவத்தின் தொழிலாக இருந்தது.

அணிச் செய்தி பற்றிய ஒரு சச்சரவிலிருந்தே ஒரு பெருங்கழகம் பிறந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1920 ஜூலை 28 அன்று கூச் பிகார் கோப்பைப் போட்டியில் மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபாகான் அணியில் சைலேஷ் போஸ் சேர்க்கப்படவில்லை. அவரைச் சேர்க்கும்படி கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கேட்டும் பயனில்லை. சௌத்ரி வெளியேறினார். சில நாள்களில், 1920 ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கழகம் தொடங்கப்பட்டது. ஒரு தடுப்பாட்டக்காரர் பதினொருவருள் இடம்பெற வேண்டுமா என்ற வினா கழகத்தையே பிளக்கும் அளவுக்குக் கனமுடையதாயிருந்தது. கிழக்கு வங்கத்தாரைப் புறக்கணிக்கும் போக்கின் அடையாளமாக அது உணரப்பட்டதே அக்கனத்துக்குக் காரணம்.

ஆயினும் கிழக்கு வங்கத்தாரின் கழகம் கிழக்கு வங்கத்தாரைக் கொண்டே ஆடியது என்று கொள்ளக் கூடாது. 1930களில் கொல்கத்தா லீகை 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் வங்கத்துக்கு வெளியிலிருந்து, குறிப்பாகப் பெங்களூரிலிருந்து, வீரர்களைச் சேர்த்து வழிகாட்டியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின், அகதிகளாக வந்த மக்களின் பற்றுக்கோடாக ஈஸ்ட் பெங்கால் மாறிய ஆண்டுகளில், அதன் முன்களத்தில் ஆடிய ஐவர் ‘பஞ்ச பாண்டவர்’ எனப் போற்றப்பட்டனர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். பெங்களூர், காக்கிநாடா, கோட்டயம் என அவர்கள் ஊர் வேறு, மொழி வேறு. 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐஎப்ஏ கேடயத்தை வென்ற அணி இது. இழந்த ஊரின் பெயரால் கூடிய ரசிகர்கள், அந்த ஊரையே காணாதவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். பிறப்பிடத்தைவிடக் கையெழுத்து வலியதாயிற்று. அணிமாற்றக் காலத்தின் பதற்றத்துக்கு இதுவே அடிப்படை என்பது என் கருத்து. கையெழுத்தினால் வந்த உறவு கையெழுத்தினாலேயே போய்விடக்கூடும். மூணாற்றுத் தோட்டத்தில் இந்த அச்சத்துக்கு இடமில்லை.

அச்சம் இருந்த இடத்தில் அறநெறிச் சொற்களும் பெருகின. விட்டுச்செல்லாத வீரர் ‘கொரேர் செலே’, அதாவது வீட்டுப் பிள்ளை. சுனி கோஸ்வாமி தம் கழக வாழ்க்கை முழுவதையும் மோகன் பகானிலேயே கழித்தார். சுப்ரதா பட்டாச்சார்யா 1974 முதல் 1990 வரை அதே கழகத்தின் தடுப்பரணாக நின்றார். இவர்களை வைத்தே பிறர் அளக்கப்பட்டனர். 1985இல் கிரிஷானு தேவும் விகாஷ் பாஞ்சியும் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றது அந்தத் தலைமுறை ரசிகர்கள் மறவாத நிகழ்வு. ஒரு சாரார்க்கு இழப்பு, மறு சாரார்க்கு வேட்டை. 1980இல் ஈஸ்ட் பெங்காலின் முன்னணி வீரர் பலர் ஒரே நேரத்தில் வெளியேறியபோது, அக்கழகம் ஈரானிய வீரர்கள் மஜித் பிஷ்கார், ஜம்ஷித் நசீரி ஆகியோரைக் கொண்டு அணியை நிமிர்த்தியது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர்கள் அவர்கள். சென்றவர்களின் பெயரைவிட வந்தவர்களின் பெயரே இன்றும் அதிகம் பேசப்படுகிறது. ஆட்டமில்லாப் பருவத்தில் விதிக்கப்பட்ட தீர்ப்புகளை ஆட்டப் பருவம் இவ்வாறு திருத்தி எழுதுவது உண்டு.

இவ்வறநெறிச் சொற்களை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. ஓராண்டுப் பிணைப்பு வீரருக்கு ஆண்டுதோறும் சில வாரங்கள் பேரம் பேசும் வலிமையைத் தந்தது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அவர் பயிற்சியாளருக்கும் செயலருக்கும் கட்டுப்பட்டவர். அச்சில வாரங்களில் மட்டும் அவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டனர். எழுத்தில் இல்லாத ஊதியம், காயமுற்றால் கேட்பாரற்ற நிலை, முப்பது வயதுக்குப் பின் என்ன என்னும் கவலை ஆகியவற்றுக்கு எதிராக அவரிடம் இருந்த ஒரே கருவி அது. ரசிகரின் ‘துரோகம்’ என்னும் சொல் அந்தக் கருவியின் முனையை மழுக்கியது. கழகச் செயலருக்கு அச்சொல் பயன்பட்ட அளவு வீரருக்குப் பயன்படவில்லை.

வேலையே பிணைப்பானபோது

கொல்கத்தாவிலேயே இதற்கு விலக்கும் உண்டு. பி.கே. பானர்ஜி மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஆடியதில்லை. அவர் கிழக்கு ரயில்வேயின் ஊழியர். அந்த ரயில்வேயின் அணியே அவர் அணி. 1958இல் கிழக்கு ரயில்வே கொல்கத்தா லீகை வென்றது. மூன்று பெருங்கழகங்களைத் தவிர வேறோர் அணி மீண்டும் அந்த லீகை வெல்ல 2019இல் பியர்லெஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியம் உள்ள வேலை ஒருவரை எவ்வளவு உறுதியாகக் கட்டிவைக்கும் என்பதற்கு நாட்டின் தலைசிறந்த வலப்புற முன்கள வீரரே சான்று.

கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜின் வாழ்க்கை இரு வகைப் பிணைப்பையும் ஒருசேரக் காட்டுகிறது. ஹைதராபாத்தில் பிறந்த அவர் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடினார். அம்மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. சீருடையில் இருந்தவரை அவரைப் பற்றி அணிமாற்றச் செய்தி என ஒன்று இருக்க வழியில்லை. ராணுவத்தை விட்டபின் அவர் கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். ஆள் ஒருவரே. பிணைப்பு மாறியதும் பேச்சுக்குரியவராகிவிட்டார்.

சென்னையின் கால்பந்து நெடுங்காலம் முதல் வகையைச் சேர்ந்தது. ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எனப் பணியிடங்களே அணிகளாக இருந்தன. வடசென்னையில் தெருவில் ஆடி வளர்ந்த இளைஞருக்குக் கால்பந்து என்பது அரசு வேலைக்கான வாயில். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் கரையேறியது. அதற்குப் பின் அவர் அணி மாற வேண்டிய தேவையும் இல்லை, மாறும் வழியும் இல்லை. இதனால் சென்னை ரசிகரின் ஆட்டமில்லாப் பருவம் செய்தி குறைந்ததாக இருந்தது. பேச வேண்டிய இடத்தில் இருந்தது ‘இந்த ஆண்டு எந்த அலுவலகம் ஆள் எடுக்கிறது’ என்ற வினா மட்டுமே. அவ்வினாவும் ரசிகருடையது அன்று, வீரரின் வீட்டாருடையது. தமிழ்நாட்டில் கால்பந்து ஆர்வம் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. ஆர்வம் குறைவா, அல்லது ஆண்டின் பாதி மாதங்களுக்குப் பேச்சுக்குரிய பொருளையே வழங்காத அமைப்பா என்பது மீளாய்வுக்குரியது. நான் பின்னதையே காரணமாகக் கருதுகிறேன்.

வேலை வாய்ப்பின் பாதுகாப்பை விட்டு வெளியே சென்ற தமிழ்நாட்டு வீரர்களைக் கொல்கத்தாவின் அணிமாற்றக் காலம் தன்னுள் ஈர்த்துக்கொண்டது. ராமன் விஜயன் ஈஸ்ட் பெங்கால், எப்.சி. கொச்சின், மோகன் பகான் எனக் கழகம் மாறி ஆடியவர். தஞ்சாவூரைச் சேர்ந்த காலியா குலோத்துங்கன் 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தார். இவர்களது அடுத்த பருவம் எங்கே என்பது கொல்கத்தாத் தேநீர்க் கடைகளில் பேசப்படும் அளவுக்குச் சொந்த மாநிலத்தில் பேசப்பட்டிருக்குமா என்பது ஐயமே. நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோல், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நான்கரை ஆண்டுக் காத்திருப்பை முடித்தது. அதுவும் அணிமாற்றத்தின் விளைவே; அவர் அக்கழகத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

பிற நாடுகளின் ஒப்பீடு

இவ்வாதத்துக்கு ஒரு தடை எழுப்பலாம். அமெரிக்கப் பேஸ்பாலில் குளிர்கால விவாதத்துக்கு ‘சூடான அடுப்பு லீக்’ என்றே பெயர் உண்டு. கடைகளில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேசியதால் வந்த பெயர். ஆனால் 1970களின் நடுப்பகுதி வரை அங்கு வீரரை அவர் கழகமே விரும்பும்வரை தக்கவைத்துக்கொள்ளும் விதி நடப்பில் இருந்தது. பிணைப்பு அவ்வளவு இறுக்கமாயிருந்தும் பேச்சு வளமாகவே இருந்தது எவ்வாறு? விடை, வீரரால் கழகத்தை விட முடியவில்லையே தவிர, கழகத்தால் வீரரை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது என்பதே. ஆள்மாற்றம் இருந்தது, முடிவு உரிமையாளருடையது. ஆகவே அங்கு வசை உரிமையாளரை நோக்கிச் சென்றது. இங்கிலாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தக்கவைத்தல் முறை நிலவியது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1963இல் வந்த தீர்ப்பு அதைத் தளர்த்தியது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரரை விலையின்றி விடுவித்தது. 2002-03 பருவத்திலிருந்து உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அணிமாற்றத்துக்கெனக் காலவரையறை வகுத்தது. உலகெங்கும் ரசிகர்கள் இன்று கோடைதோறும் நடத்தும் விவாதம் இம்மூன்று மாற்றங்களின் விளைபொருள்.

எனவே முதலிற் கூறியதைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். ஆள்மாற்றம் நிகழ்கிறதா என்பது விவாதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அம்முடிவு யாருடையது என்பது விவாதத்தின் அறத்தொனியைத் தீர்மானிக்கிறது. தோட்டத்தில் நிர்வாகம், கொல்கத்தாவில் வீரர், பழைய அமெரிக்காவில் உரிமையாளர் எனக் குற்றஞ்சாட்டப்படுபவர் மாறுவதற்குக் காரணம் இதுவே.

உரிமையாளரின் காலம்

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது இந்திய ரசிகர் வேறொரு ஆட்டமில்லாப் பருவத்துக்குள் நுழைந்தார். முதல் ஆண்டில் உள்நாட்டு வீரர்கள் கழகங்களுக்குப் பங்கிட்டு அளிக்கப்பட்டனர். தேர்வு முறைவைத்து நடந்தது. பின்னர் பல்லாண்டு ஒப்பந்தங்களும் விலையும் வந்தன. சென்னையின் எப்.சி. 2015இலும் 2017-18இலும் கோப்பையை வென்றது. சென்னையில் அலுவலக அணிகளின் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது வாய்த்தது: எந்த வெளிநாட்டுத் தடுப்பாட்டக்காரர் தங்குவார், எந்த உள்ளூர் இளைஞர் வேறு கழகத்துக்குப் போவார் என மாதக்கணக்கில் வாதிட ஒரு பொருள்.

ஆனால் விவாதம் வீரரில் நிற்கவில்லை. 2020 ஜனவரியில் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டுப் பங்கை ஆர்பிஎஸ்ஜி குழுமம் வாங்கி, ஏடிகே கழகத்துடன் அதை இணைத்தது. 1889இல் தோன்றிய கழகத்தின் பெயருக்கு முன்னே வேறொரு பெயர் ஒட்டிக்கொண்டது. ‘ஏடிகேயை நீக்கு’ என்ற முழக்கம் மூன்று பருவங்கள் தொடர்ந்தது. 2023 மார்ச் 18 அன்று அணி கோப்பையை வென்ற இரவில் உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் 1 முதல் அது மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட். ‘வீட்டுப் பிள்ளை’ யார் என்று வாதிட்ட அதே ரசிகர் மரபு, இங்கே ‘வீடு யாருடையது’ என்று கேட்டது. அக்கேள்விக்கு முழு விடை கிடைத்ததாகச் சொல்ல இயலாது. பெயரில் ஒரு பாதி மாறியது. மறு பாதியில் இன்னமும் நிறுவன அடையாளமே ஒட்டியுள்ளது.

2025ஆம் ஆண்டின் மழைக்காலம் இவ்வரலாற்றில் தனித்து நிற்கிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010 டிசம்பரில் கையெழுத்தான 15 ஆண்டு உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. புதுப்பித்தல் பற்றித் தெளிவில்லாத நிலையில், 2025 ஜூலை 11 அன்று அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுவதாகக் கழகங்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு கழகம் தன் முதல் அணியின் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஊதியத்தை நிறுத்திவைத்தது. வழக்கமாக அம்மாதங்களில் ரசிகர்கள் வாதிடுவது அடுத்த பருவத்தின் பதினொருவரைப் பற்றி. அவ்வாண்டு அடுத்த பருவம் என ஒன்று உண்டா என்பதே தெரியாதபோது, இடப்புறத்தில் யார் ஆட வேண்டும் என்ற வினா பொருளற்றுப்போனது. பழைய கொல்கத்தா ரசிகர் வீரரின் ஓராண்டுக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். இவர்கள் காத்திருந்ததோ இரு அமைப்புகளின் பதினைந்தாண்டுக் கையெழுத்துக்காக. அதில் எந்த வீரரின் பெயரும் இல்லை, எந்த ரசிகரும் சங்க அலுவலகத்து வாசலில் நின்று அதைக் காண முடியாது. ஊதியமின்றி நின்ற வீரரை அவ்வாண்டு எந்த ரசிகர் கூட்டமும் துரோகி என்று அழைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு கழகத்துக்கோ வேறு நாட்டுக்கோ வழி தேடியவரைப் பற்றிய பேச்சில் முதன்முறையாக வீரரின் பிழைப்பு முன்னே வந்தது.

ஆட்டமில்லாப் பருவத்தின் எழுதப்பட்ட சான்றுகளைத் தேடுவோர்க்கு இரண்டு இடங்களைச் சுட்டலாம். ஒன்று, மார்ச், ஏப்ரல் மாதங்களின் வங்க நாளிதழ்ப் பக்கங்கள். ஆட்டச் செய்திகளைத் தேடுவோர் அம்மாதங்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். மற்றொன்று தோட்டங்களின் வேலைப் பதிவேடுகள். எந்த ஆண்டு யார் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு மாறினார் என்ற வரிகளைப் பின்லே கேடயத்தின் ஆட்டக் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்தால், மலையிலும் ஓர் அணிமாற்றம் மறைவாக நடந்திருக்கிறதா என்பது தெரியவரும். ஒரு நல்ல கோல்காப்பாளருக்காக ஒரு துரை மற்றொரு துரையிடம் ஆள் கேட்டிருந்தால் அது கால்பந்துச் செய்தியாகப் பதிவாகியிராது. வேலை மாறுதல் என்ற ஒற்றை வரியாகவே பதிவாகியிருக்கும். அவ்வரியின் பொருளைப் படித்துச் சொல்லக்கூடிய முதிய தொழிலாளர்கள் போடியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் ஓய்வுபெற்று வாழ்கின்றனர். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.